டேட் சௌ, டாயி சௌ

அந்தமானில் இந்தி பேச இலக்கணம் தேவையில்லை. ஆண்பால் பெண்பால் பார்க்காமல் வாயில் வந்ததைப் போட்டு அடித்தால் போதும், வங்காளிக்கும் புரியும், தெலுங்கனுக்கும் புரியும், மலையாளிக்கும் புரியும். டெல்லியிலிருந்து மாற்றலாகி வரும் அதிகாரிக்குத்தான் புரியாது. மணப்பாட்டிலிருந்து வாக்கப்பட்டு போர்ட் பிளேருக்கு வந்த கிரேசி இருபத்திரண்டு வருஷமாக இந்த இந்தியை வைத்துத்தான் காலம் தள்ளுகிறாள். மீன் மார்க்கெட்டில் அதில் சண்டை போட்டிருக்கிறாள், ரேஷன் கடையில் நியாயம் கேட்டிருக்கிறாள், ஜெயித்தும் இருக்கிறாள். எண்களில்தான் கொஞ்சம் தடுமாற்றம். அதிலும் ஒன்றரைக்கு டேட் என்றும் இரண்டரைக்கு டாயி என்றும் இந்திக்காரன் வைத்திருக்கிறானே, அந்த இரண்டும் அவள் காதுக்கு இரட்டைப் பிள்ளைகள். நூறுக்குச் சௌ என்பது மட்டும் தெரியும். எது மூத்தது, எது இளையது என்று மகள் ஜோஸ்லின் நூறு தடவை சொல்லிக் கொடுத்தும் மண்டையில் ஏறவில்லை.

இது வீட்டோடு போயிருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் அவள் புருஷன் ஜேசுதாசன் பிக்கப் வேன் ஓட்டுகிறவன். வண்டி ஓடும்போது போனைத் தொடமாட்டான். அதனால் லோடு கேட்டு வரும் போன் எல்லாம் டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் இருக்கிற வீட்டுக்குத்தான் வரும். கிரேசி மீன் கழுவிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, எங்கே ஏற்றணும், எங்கே இறக்கணும், எவ்வளவு என்று நோட்டில் எழுதிவைப்பாள். அவள் எழுதிவைத்தால் அவன் அதைத் திருப்பிக் கேட்கமாட்டான். அவ்வளவு நம்பிக்கை.

அந்த வருஷம் மழை மே கடைசியிலேயே பிடித்துக்கொண்டது. மழைக்காலத்தில் கட்டட வேலை குறையும், லோடும் குறையும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு மழைக்காலத்தில்தான் ஜேசுதாசன் வண்டியை மச்சினன் பீட்டரிடம் விட்டுவிட்டு, கார் நிக்கோபாரில் ஒரு கம்பெனிக்கு லாரி ஓட்டப் போனான். பத்து மாசம். கப்பல் நினைத்தால் வரும், போன் நினைத்தால் எடுக்கும். அந்தப் பத்து மாசத்தில் கிரேசி இளைத்துத் துரும்பாகிப் போனாள். இந்த வருஷமும் அதே கம்பெனியிலிருந்து ஆள் கேட்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் கான்ட்ராக்டர் பக்தவத்சலம் ஒரு வழி காட்டினார். வண்டூரில் கடற்கரைப் பக்கம் தங்கும் விடுதி கட்டிக்கொண்டிருந்தார். முதல் லோடு ஒழுங்காக வந்து சேர்ந்தால் வருஷம் பூராவும் அவருடைய சாமான் எல்லாவற்றையும் ஜேசுதாசன் வண்டியிலேயே ஏற்றுவதாகச் சொல்லியிருந்தார். கிடைத்தால் கார் நிக்கோபார் போக வேண்டாம். கிரேசி அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் கான்ட்ராக்டரின் கோடவுன் மேனேஜர் மண்டல் போன் பண்ணினார். குளியலறைக்கு ஒட்டுகிற டைல்ஸ், பெட்டி பத்துக் கிலோ, நாளைக் காலை ஒரே நடையில் போகவேண்டும் என்றார். கிரேசி எழுதிக்கொண்டாள். மறுநாள் காலை ஏழரைக்கு அவள் தோசை ஊற்றிக்கொண்டிருக்கையில் ஜேசுதாசன் கோடவுனிலிருந்து கூப்பிட்டான்.

“ஏட்டி, மண்டல் பாபு எத்தன பெட்டின்னு சொன்னாரு?”

“நூத்தம்பது. எழுதி வச்சிருக்கேன்லா.”

“தமிழ்லயா சொன்னாரு?”

“அவரு எந்தக் காலத்துல தமிழ் பேசுனாரு. டாயி சௌ பேட்டின்னாரு.”



“டாயின்னா ரெண்டரட்டி,” என்றான் ஜேசுதாசன். குரலில் கோபம் இல்லை. “எரநூத்தம்பது பெட்டி நிக்கி இங்கன. சரி, வை. நான் பாத்துக்கிடுதேன்.”

ஆண்பிள்ளைகள் ‘நான் பாத்துக்கிடுதேன்’ என்று சொன்னால் பெண்டாட்டி அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். கிரேசி கிளம்பினாள். தோசைக்கல் சூடாறுவதற்குள் ஆட்டோ பிடித்துவிட்டாள்.

அவனைப் பற்றி அவளுக்குத் தெரியும். வண்டி தாங்குவது ஒன்றரை டன். அதற்கு மேல் ஒரு மூட்டை வைக்க விடமாட்டான். மற்ற டிரைவர்கள் அவன் வண்டிக்குப் பாதிரியார் வண்டி என்றே பேர் வைத்திருந்தார்கள், மெதுவாகப் போகும், பாவம் எதுவும் சுமக்காது என்று. அந்தக் கேலியைப் பதக்கம் மாதிரிப் போட்டுக்கொண்டு திரிகிறவன் அவன். ஆனால் இன்றைக்குக் கதை வேறு. அவள் வாயால் சரி என்று சொல்லிவிட்டாள். பெண்டாட்டி சொன்ன சொல்லைப் பொய்யாக்க அவனுக்கு மனசு வராது.

ஜங்கிலிகாட் கோடவுன் வாசலில் வண்டி பின்பக்கமாக நின்றது. லோடு ஏற்றுகிற பழனிசாமி தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு இரண்டிரண்டு பெட்டியாகத் தூக்கிக் கொடுக்க, ஜேசுதாசன் மேலே நின்று அடுக்கினான். மண்டல் குடைக்குள் நின்று வெற்றிலை மென்றார்.

“ஏக் பார் மே லேகே ஜாவ், ஜேசு பாய். தோ பார் நஹி. துஸ்ரா மால் ஆ ரஹா ஹை,” என்றார் அவர். ஒரே தடவையில் போகணும், கோடவுனுக்கு வேறு சரக்கு வருகிறது என்பது அவர் கவலை. “பாபியை போலா தா நா, டாயி சௌ?” என்று, கிரேசியிடம் தான் சொன்னதையும் நினைவுபடுத்தினார்.

கிரேசி வாயைத் திறப்பதற்குள் ஜேசுதாசன் முந்திக்கொண்டான்.

“பாபி டீக் போலா. மை கலத் சுனா. மேரா கல்தி.”

அவள் சரியாகத்தான் சொன்னாளாம், இவன்தான் தப்பாகக் கேட்டானாம்.  பொய்யே சொல்லத் தெரியாத மனுஷன். பூசைக்கு முன்னால் மிட்டாய் தின்றதைக்கூடப் பாவசங்கீர்த்தனத்தில் ஒப்புக்கொள்கிறவன், அவளுக்காக அந்நியன் முன்னால் நின்று கூசாமல் சொன்ன பொய்யைக் கேட்டு அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

இருநூறாவது பெட்டி ஏறியபோது பின்டயர் இரண்டும் வயிறு பிதுங்கி நின்றன. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் போகிற இடம்தான் இருந்தது. வண்டியின் முன்பக்கம் மேலே தூக்கிக்கொண்டது. பழனிசாமி கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தான்.

“ண்ணே, ஸ்பிரிங் பட்டை நிமுந்துருச்சுண்ணே. இதுக்கு மேல ஏத்துனா வம்பு.”

“ஏத்துடே.”

“நாஞ் சொல்றதச் சொல்லிட்டேன்.”

“ஏத்துடேங்கேன்.”

இருநூற்றைம்பதும் ஏறியது. தார்ப்பாய் கட்டி முடித்து ஜேசுதாசன் டிரைவர் சீட்டில் ஏறினால், பக்கத்துச் சீட்டில் கிரேசி உட்கார்ந்திருந்தாள்.

“நீ எங்க வார?”

“வண்டூருக்கு. கடலப் பாத்து நாளாச்சு.”

“தெரு முக்குல நின்னா தெரியுது கடலு. வெளாடாத, எறங்கு.”

“ரெண்டரை டன்னத் தூக்குத வண்டி என்னையுந் தூக்கும். நீங்க எடுங்க.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். இறங்கமாட்டாள் என்று தெரிந்தது. கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.

சமதளத்தில் வண்டி சாதுவாகத்தான் போனது. மழை தூறிக்கொண்டிருந்தது. கராச்சரமாவுக்கு முன்னால் ஒரு சின்ன இறக்கம். முன்னால் போன அரசு பஸ் ஆள் ஏற்ற நின்றது. ஜேசுதாசன் பிரேக்கை மிதித்தான். வழக்கமாக நிற்கிற இடத்தைத் தாண்டி வண்டி போய்க்கொண்டே இருந்தது. அவன் கியரைக் குறைத்தான், ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தான். பின்னாலிருந்த பாரம் முழுவதும் முதுகில் கைவைத்துத் தள்ளுவதைக் கிரேசி உணர்ந்தாள். பஸ்ஸில் ஏறப்போன ஒரு பெண் குடையோடு திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸின் பின்பக்கத்துக்கும் வண்டிக்கும் ஒரு முழம் இடைவெளியில் வண்டி நின்றது. அந்தப் பெண் ஒன்றும் தெரியாமல் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

பஸ் வெகுதூரம் போனபிறகுதான் ஜேசுதாசன் ஹேண்ட் பிரேக்கை இறக்கினான்.

“பாரம் கூடுனா வண்டி ஓடும்டி,” என்றான் ஜேசுதாசன். “ஓடுததுல ஒரு கொறையும் இருக்காது. நிக்கத்தான் செய்யாது.”

“வேற என்ன செய்யாது?”

“திரும்பாது. பின்னால அமுங்கிக் கெடக்குல்லா, முன்வீலு ரோட்டத் தொட்டும் தொடாம போவுது. நான் ஸ்டீரிங்கத் திருப்பி ஒரு நொடி கழிச்சுத்தான் வண்டி கேக்குது.”

அதை அவன் நோயாளியின் நாடியைச் சொல்கிற வைத்தியனைப் போல நிதானமாகச் சொன்னான். கழுத்தில் மட்டும் வியர்வை ஓடியது. இந்தக் குளிரிலும் ஓடியது.

வண்டூர் ரோட்டில் ஒரு பெரிய ஏற்றம் உண்டு. மேலே குடிதண்ணீர்த் தொட்டி இருப்பதால் டிரைவர்கள் அதைப் பானிடங்கி ஏற்றம் என்பார்கள். நெட்டுக்குத்தாக ஏறி, உச்சியில் இடதுபக்கம் ஒடிந்து, அப்படியே நீளமாக இறங்கும். இறக்கத்தின் ஒரு பக்கம் பாக்குத் தோப்புப் பள்ளம். ஏற்றத்தின் அடியில் சொர்ணம்மாவின் டீக்கடை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பத்தில் பிறந்தவள். அவள் கடையில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தின்றுவிட்டுத்தான் டிரைவர்கள் ஏற்றம் ஏறுவார்கள். பிரேக் ஆறட்டும் என்று ஜேசுதாசன் அங்கே நிறுத்தினான். இறங்கும்போதே ரப்பர் தீய்ந்த வாடை அடித்தது.

சொர்ணம்மா டீயை ஆற்றிக்கொண்டே வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“என்னா தம்பி, மலையையே பேத்து எடுத்துட்டு வாறீங்களா?”

“டைல்ஸ் அக்கா.”

“போன மழைக்கு சிமிட்டி ஏத்திக்கிட்டு ஒரு வண்டி போச்சு. பாதி ஏறிட்டு, பொறத்தாலயே வந்திருச்சு. அந்தா, அந்தப் பலா மரந்தான் புடிச்சு நிறுத்துனிச்சு. ஓட்டுன புள்ளைக்கு ஒரு கால் இல்ல இப்ப.” அவள் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். “சம்பல் இன்னங்கொஞ்சம் வைக்கவா?”

கிரேசி ரொட்டியைத் தொடவில்லை.

“இங்கன பாதிய எறக்கிருவோம்,” என்றாள்.

“மண்டல்ட்ட ஒரே நடைன்னு சொல்லிட்டு வந்தாச்சு.”

“சொல்லுவிய. சொல்லுததுக்கு என்ன, வாய் சுமக்கவா செய்யுது.”

“ஏட்டி, மொத லோடு. இது மொறையாப் போய்ச் சேரலன்னா பக்தவத்சலம் வேல நமக்கு இல்ல. அது இல்லன்னா நான் கார் நிக்கோபாருக்குக் கப்பலேறணும். கம்பெனிக்காரன் வெள்ளிக்கெழமைக்குள்ள பதில் கேட்டிருக்கான். ஏறக்கூடாதுன்னு அழுதவ ஆரு?”

“நாந்தான் அழுதேன். இப்பவும் ஏறக்கூடாதுன்னுதான் சொல்லுதேன்.”

“பெறவு என்ன?”

“கார் நிக்கோபாருக்குப் போனா, அங்கன இருப்பிய. போன் எடுக்காட்டாலும் இருக்கியன்னு தெரியும். இந்த ஏத்தத்துல போனா எங்கன இருப்பிய?”

ஜேசுதாசன் டீக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மெதுவாப் போனா ஏறிரும்டி. ரெண்டாவது கியர்ல புடிச்சா ஏறிரும்.”

“எறங்குததுக்கு?”

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். பதில் அவனுக்குத் தெரியாமல் இல்லை. அவனைவிட நன்றாக அந்த வண்டியைத் தெரிந்தவன் யார். தெரிந்ததைச் சொன்னால் அவள் சொன்னது தப்பு என்று ஊருக்குத் தெரிந்துபோகும், அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். கிரேசிக்கு அது புரிந்தது. இவனை மாதிரி ஒருத்தனைக் கட்டிக்கொள்ளக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது, இந்தக் கூறுகெட்டவனை இரண்டு அறை விட்டால் என்ன என்றும் தோன்றியது. அவள் போனை எடுத்துப் பக்தவத்சலத்தின் நம்பரைப் போட்டாள்.

“சார், நான் ஜேசுதாசன் வீட்டுக்காரி பேசுதேன்.”

“சொல்லும்மா. வண்டி எங்க வருது?”

“பானிடங்கி ஏத்தத்துக்குக் கீழ நிக்கோம். தப்பு ஒண்ணு நடந்துபோச்சு. மண்டல் பாபு டாயி சௌன்னாரு, எனக்கு அது நூத்தம்பதுன்னு பட்டுது. சரின்னு சொன்னது நாந்தான். எங்க வீட்டுக்காரரு மேல ஒரு தப்பும் இல்ல. எரநூத்தம்பதும் இப்ப வண்டில இருக்கு. வண்டி தாங்காது.”

“இருபது வருஷமா இந்த ஊர்ல இருக்கீங்க. டாயின்னா எவ்ளோன்னு தெரியாதா?”

“தெரியாது சார். இன்னிக்குக் காலைலதான் தெரியும்.”

அவர் அடுத்துப் பேசுவதற்குள் அவளே தொடர்ந்தாள்.

“நூறு பெட்டிய இங்கன எறக்கி வச்சிட்டு, நூத்தம்பதக் கொண்டு வாரோம். மிச்சம் ரெண்டு மணிக்குள்ள வந்துரும். உங்களுக்கு முடியாதுன்னா சொல்லிருங்க, வேற வண்டிக்குச் சொல்லுங்க. இந்தப் பாரத்தோட எங்க வண்டி ஏறாது.”

“கொண்டு வாங்க. சாயந்தரம் பேசிக்கலாம்,” என்று வைத்துவிட்டார் பக்தவத்சலம்.

ஜேசுதாசன் எழுந்து நின்றான்.

“என் தப்புன்னு மண்டல்ட்ட சொல்லிட்டு வந்தேன்லா. என்னத்துக்கு நீ இப்படி?”

“நீங்க எனக்காவப் பொய் சொன்னதக் கேட்டுட்டுத்தான் வண்டில ஏறுனேன்,” என்றாள் கிரேசி. “தார்ப்பாய அவுருங்க.”

டைல்ஸ் பெட்டியை இறக்குவது மூட்டை இறக்குவது மாதிரி இல்லை. படுக்கப் போட்டால் பாரத்தில் டைல் நடுவே விரிசல் விடும். செங்குத்தாகத் தூக்கி, செங்குத்தாகவே வைக்கவேண்டும். சொர்ணம்மா விறகுக் கொட்டகையில் பாதியை ஒதுக்கிக் கொடுத்தாள், கீழே பலகை போட்டாள். ஜேசுதாசன் மேலேயிருந்து எடுத்துக் கொடுக்க, கிரேசி மார்போடு அணைத்து ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வைத்தாள். இருபது பெட்டிக்கு மேல் இடுப்பு கடுத்தது. அறுபதில் அட்டைப்பெட்டி விளிம்பு பட்டு முழங்கையில் தோல் உரிந்தது. அவள் நிறுத்தவில்லை.

நூறு இறங்கியதும் ஜேசுதாசன் மிச்சத்தை அப்படியே விட்டுவிடவில்லை. பின்கதவோரம் இருந்ததையெல்லாம் முன்னால் இழுத்து, கேபினை ஒட்டி அடுக்கினான். இடமும் வலமும் சமமாக, உயரம் இடுப்புக்கு மேல் போகாமல், பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையே விரல் நுழையாமல். ஒரு வரிசை முடிந்ததும் தோளால் முட்டி அசைத்துப் பார்த்தான். அசையவில்லை. மழையில் நனைந்த சட்டை முதுகில் ஒட்டியிருக்க, அவன் வேலை செய்வதைக் கிரேசி வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். ஊரில் எத்தனையோ பேர் வண்டி ஓட்டுகிறார்கள். பாரத்துக்கு இப்படி மரியாதை கொடுக்கிறவனை அவள் வேறே எங்கும் பார்த்ததில்லை.

வண்டியின் முன்பக்கம் இறங்கி, பழையபடி ரோட்டைப் பார்த்தது. பானிடங்கி ஏற்றத்தை இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே ஏறி, உச்சியில் சொன்னபடி திரும்பி, இறக்கத்தில் மிதித்த இடத்தில் நின்று நின்று இறங்கியது. பாக்குத் தோப்புப் பள்ளத்தைத் தாண்டும்போது இரண்டு பேருமே அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வண்டூரில் பெட்டிகளை இறக்கும்போது டைல்ஸ் மேஸ்திரி வந்து எண்ணினார். இன்னும் நூறு இரண்டு மணிக்கு வரும் என்று ஜேசுதாசன் தயங்கிக்கொண்டே சொன்னான்.

“அதுக்கு என்ன அவசரம்?” என்றார் மேஸ்திரி. “நாளைக்கு நாப்பது பெட்டிக்கு மேல ஒட்ட ஆள் ஏது? மிச்சம் சும்மாதானே மழையில கெடக்கப் போவுது.”

கிரேசிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரே நடை என்பது மண்டலுக்குக் கோடவுன் காலியாக வேண்டியதற்குச் சொன்னது. அந்த ஒரு சொல்லை யாரும் யாரையும் திருப்பிக் கேட்கவில்லை. அதற்காக இந்த மனுஷன் பாக்குத் தோப்புக்குள் கிடந்திருப்பான். அவள் அடுத்த பெட்டியைத் தூக்கப் போனாள். நின்று பேசினால் அழுதுவிடுவாள்.

மிச்சம் நூறும் ஒன்றரை மணிக்கே வந்து சேர்ந்தது. ஒரு பெட்டியில்கூட விரிசல் இல்லை. சாயங்காலம் பக்தவத்சலம் வந்தார். பெட்டிகளைத் தட்டிப் பார்த்தார், வண்டியைச் சுற்றி வந்தார், பிறகு தீர்மானமாகச் சொன்னார்.

“ஜேசுதாசா, உன் பேர்ல எனக்கு ஒரு குறையும் இல்ல. இந்தம்மா பேர்லயும் இல்ல. போன் போட்டு இப்படிச் சொன்ன ஆள இத்தன வருஷத்துல நான் பாத்ததில்ல. ஆனா எனக்கு இனிமே வர்றதெல்லாம் இந்த மாதிரிப் பாரந்தான். ஜல்லி, கம்பி, சிமெண்ட். உன் வண்டி பத்தாது. நான் லாரிக்குச் சொல்லிட்டேன். சின்ன லோடு வந்தா கூப்புடுறேன்.”

“சரிங்க சார்,” என்றான் ஜேசுதாசன். நியாயம்தான். நியாயமாக இருந்ததால் சண்டை போடவும் வழியில்லை.

சின்ன லோடு மழைக்காலத்துக்குப் போதாது. அடுத்த வாரமே ஜேசுதாசன் கார் நிக்கோபாருக்குக் கிளம்பினான். வண்டிச் சாவியைப் பீட்டரிடம் கொடுத்தபோது கிரேசி அவனிடம், “ஒண்ணரை டன்னுக்கு மேல ஒரு செங்கல் ஏத்துனாலும் சாவி என்கிட்ட வந்துரும், பாத்துக்க,” என்றாள். டெய்ரி ஃபார்மில் கதை அதற்குள் பரவியிருந்தது. இந்தி தெரியாததால் புருஷனைக் கப்பலேற்றிவிட்டாள் என்று பக்கத்து வீட்டுச் சின்னம்மா சிரித்தாள். கிரேசியும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

ஹாடோ துறைமுகத்தில் கப்பல் ஏறும் நாளன்று பழனிசாமி அங்கே மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். ஜேசுதாசன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறிப் போனதும், பழனிசாமி கிரேசி பக்கத்தில் வந்து நின்றான். 

“தப்பா நெனைக்காதீகக்கா. அன்னைக்கு நீங்க பேசாம இருந்திருந்தா அண்ணே எப்படியும் ஏத்தத்தத் தாண்டிருப்பாரு. அவரு கை அப்படி. எத்தன பேரு ரெண்டரை டன் வச்சுத் தாண்டுறாய்ங்க. வேலையும் கெடைச்சிருக்கும்.”

கிரேசி கப்பலின் மேல்தளத்தில் புருஷனைத் தேடிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் அவனுடைய நீலச் சட்டை தெரிந்தது. கையை ஆட்டினாள், அவனும் ஆட்டினான். அவளுக்குக் கண்ணீர் தாரையாக ஓடியது, துடைத்துக்கொள்ளவில்லை.

“தாண்டியிருப்பாவ,” என்றாள். “எனக்கும் தெரியும். அதுக்குத்தான் பயந்தேன் பழனி. அன்னிக்குத் தாண்டிட்டாவன்னா மறுநாளும் ஏத்துவாவ. அதுக்கு மறுநாளும் ஏத்துவாவ. வருசம் பூரா ஏத்துவாவ.”

 பழனிசாமி தலையிலிருந்த சாக்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். கப்பல் கயிற்றை அவிழ்த்தது. நீலச் சட்டை கண்ணுக்குத் தெரிகிறவரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள்.